ஒரு மாப்பிள்ளையையும் மூடாத கம்ப்யூட்டர்

கடைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும் சொல்றது. முதலாளி என்னையக் கூப்பிட்டு, "உங்க அனுபவத்தைக் கொஞ்சம் பேசுங்க, எழுதி வச்சுக்கிடுவோம்"னாக. எனக்குப் பேசத் தெரியாது, கதையளக்கத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல பில்லு போடுற பாப்பா டைப் அடிக்குது. பிழை இருந்தா அது கணக்கு, பொய் இருந்தா என் கணக்கு.

நான் அஞ்சாப்பு தாண்டல. இங்கிலீசு எழுத்தெல்லாம் எனக்கு உருவமாத்தான் தெரியும், மந்தையில நம்ம ஆட்டை அடையாளம் தெரியுற மாதிரி. அதை வச்சே இம்புட்டு வருசம் வீடு வீடாப் போயி கம்ப்யூட்டர் பாத்தேன். வாசல்ல நின்னு பேசி அனுப்ப வேண்டிய ஆளை நடு வீட்டுல நாற்காலி போட்டு உக்கார வச்சாக ஜனங்க. அந்த நன்றி எனக்கு சாகுற வரைக்கும் உண்டு.

உங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்க நான் வரல. 'பிரவுசர் தெறந்தா கம்ப்யூட்டர் படுத்துருது'ன்னு கம்ப்ளைண்ட் வந்தா எதை அழுத்தணும், எதை அழிக்கணும்னு என்னைய விட உங்களுக்கு நல்லாத் தெரியும். எதுல கை வைக்கக் கூடாதுங்கிறதுதான் கொஞ்சம் பிந்தித் தெரியும். அதுக்கு ஒரு வீட்டைச் சொல்றேன்.

அதுக்கு முன்னால இன்னொண்ணு. கம்ப்யூட்டருக்கு வர்றதுக்கு முந்தி நான் சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல ரோலர் தொடைச்சிக்கிட்டு இருந்தேன். மிஷின் நின்னா வெளியில இருந்து ஒரு மெக்கானிக் வருவாரு. பேரு வேண்டாம், பேரு சொன்னா கோவிச்சுக்கிடுற ஆளு. மனுசன் வந்த உடனே மிஷினப் பாக்க மாட்டாரு. ஓட்டுறவனைக் கூட்டிக்கிட்டு டீக்குடிக்கப் போயிருவாரு. எங்க முதலாளிக்குக் கொதிக்கும், சீசன்ல லோடு நிக்குதேன்னு. ஒரு நாள் அந்த மெக்கானிக் என்கிட்ட சொன்னாரு: "மிஷின் பேசாதுடே. ஓட்டுறவன்தான் பேசுவான், அவனும் பாதி பொய்தான் சொல்லுவான். எதுக்குப் பொய் சொல்றான்னு பாரு, ரிப்பேரு அங்கனதான் கெடக்கும்." அப்ப எனக்கு அது வெளங்கல. விருதுநகர்லதான் வெளங்குச்சு.

விருதுநகர்ல மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் வீடு. போன் போட்டது அவரு மக, கோமதின்னு பேரு. "அண்ணே, பிரவுசரைத் தெறந்தா கம்ப்யூட்டரே நின்னுருது. இன்னைக்கே வாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோ கால் இருக்கு"ன்னுச்சு. என்ன காலுன்னு கேட்டேன். "பொண்ணு பாக்குற கால்"னுச்சு.

நானும் மொபெட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம். மொதல்ல சிபியூவைத் தெறந்தேன். நம்ம ஏரியாவுல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தூசி. எம். புதுப்பட்டிப் பக்கம் போனா உள்ள பட்டாசுக்குப் போடுற வெள்ளிப் பொடி மினுங்கும், அங்கன புளோயரைப் போட்டு ஊதிராதீக, தீப்பிடிச்சிரும், துணியில ஒத்தித்தான் எடுக்கணும். விருதுநகர் மண்டிக்காரக வீடுன்னா வத்தல் தூசி. தெறந்த மறு நிமிசம் எனக்கு அடுக்குத் தும்மல், கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. அண்ணாச்சி வீட்டுக்கார அக்கா பதறி வந்து, "ஏன்யா அழுவுறீக, அம்புட்டு மோசமாவா இருக்கு?"ன்னாக.

தூசி எடுத்தும் ஒண்ணும் ஆகல. பிரவுசரைத் தெறந்தேன். மேல பாத்தா, தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்குன மாதிரி டேப்பு. ஒவ்வொண்ணும் நகம் அகலம் கூட இல்ல. ஒண்ணைத் தொட்டேன், ரொம்ப நேரம் யோசிச்சு ஒரு பையன் போட்டோ வந்துச்சு. பக்கத்துல தொட்டேன், இன்னொரு பையன். அதுக்குப் பக்கத்துல கோட்டு சூட்டோட ஒருத்தன். அம்புட்டும் மாப்பிள்ளைக! கல்யாணத் தகவல் மையத்துல வந்த பையன் பக்கத்தையெல்லாம் ஒண்ணு விடாமத் தெறந்து வச்சிருக்காக.

"அண்ணாச்சி, இதெல்லாம் மூடிரலாமா?"ன்னேன்.

"ஐயையோ!" அண்ணாச்சியும் அக்காவும் ஒரே சத்தமாச் சொன்னாக. சோபாவுல உக்காந்திருந்த தாய்மாமன், அக்காவோட தம்பி, "மெக்கானிக்கு, இந்த வீட்டுல அந்த மூடுற பெருக்கல் குறியை மட்டும் தொட்டுராதீக. நான் தொட்டுத்தான் போன மாசம் சோறு கெடைக்காமப் போனேன்"னாரு.

அண்ணாச்சி நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்தாக. "இங்க பாருய்யா. எங்க மண்டியில சரக்கு இல்லைன்னு எவன்கிட்டயும் சொன்னது கெடையாது. எங்க அப்பா காலத்துல இருந்து, 'நாளைக்கு வரும்'னுதான் சொல்லுவோம். இல்லைங்கிற வார்த்தை கடைக்குள்ள வரக் கூடாது. ஒரு வீட்டுப் பிள்ளையைத் தெறந்து பாத்துட்டு, அவன் மூஞ்சிக்கு மேல பெருக்கல் குறியை அமுக்குறதுன்னா என்ன அர்த்தம்? நீ வேண்டாம்னு அர்த்தம். அந்தப் பாவம் யாரு தலையில விடியும்? எம்மக தலையிலதானே?"

நான் சிரிக்கல. சிரிக்கலாம்னு வந்துச்சு, அக்கா மூஞ்சியைப் பாத்து அடக்கிக்கிட்டேன். அக்கா சொன்னாக: "மொதல்ல ஒரு சம்பந்தம் தட்டு மாத்துற வரைக்கும் போச்சுய்யா. இவுக சந்தோசத்துல மத்த பையன் எல்லாத்தையும் மூடிட்டாக. அந்த சம்பந்தம் நின்னு போச்சு. திரும்பித் தேடுனா, மத்த பையன் அம்புட்டுப் பேருக்கும் முடிஞ்சிருச்சு. அதுல இருந்து ஒண்ணையும் மூட விட மாட்டேங்கிறாக. நான் இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன், இவுக கம்ப்யூட்டருக்கு நேந்திருக்காக."

எல்லாரும் சிரிச்சாக, கோமதியைத் தவிர.

அந்தப் பிள்ளையைப் பத்திச் சொல்லணும். சிவகாசியில ஒரு பிரஸ்ல பட்டாசு டப்பா லேபிள் டிசைன் பண்ணுது. தெனம் பஸ்ல போயிட்டு வருது. கம்ப்யூட்டர் என்னைய விட நல்லாத் தெரியும். அப்பத்தான் எனக்கு அந்த பிரஸ் மெக்கானிக் சொன்னது உறைச்சது. எது அடைச்சிருக்குன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும். பிறகு எதுக்கு என்னையக் கூப்பிட்டுச்சு?

அண்ணாச்சி சட்டை மாத்த உள்ள போனாக. காபி குடுக்கிற சாக்குல கோமதி பக்கத்துல வந்து, மெதுவா, "அண்ணே, அப்பா வர்றதுக்குள்ள அம்புட்டையும் மூடிருங்க. கேட்டா மிஷின் தானா மூடிருச்சுன்னு சொல்லுங்க"ன்னுச்சு.

"நீயே மூடியிருக்கலாமே பாப்பா."

"நான் மூடுனா நான் வேண்டாங்கிறேன்னு ஆகிரும். நீங்க மூடுனா ரிப்பேரு."

தம்பிகளா, என் கை மவுசு மேல இருக்கு. மணி நாலு தாண்டிருச்சு. மூடுறதுன்னா ஒரு அமுக்குதான். கூப்பிட்டது அந்தப் பிள்ளை, நியாயமும் அந்தப் பிள்ளை பக்கம்தான். பாவமா இருக்கு. வயசு முப்பதைத் தாண்டிருச்சு, மேல வரிசையா அடுக்கி வச்சிருக்கிற அந்தப் பயலுகளைத் தெனம் பாத்துக்கிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தும் அதே கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாக்குது. எவனாயிருந்தாலும் அமுக்கிருவான்.

எனக்கு அமுக்க மனசு வரல. ஏன்னு அந்தப் பிள்ளையும் கேட்டுச்சு.

"இன்னைக்கு இந்தப் பையன் சரின்னுட்டா நல்லது தாயி. ஒருவேளை தட்டிப் போச்சுன்னா? உங்க அப்பா மிஷினையா வைவாக? அன்னைக்கு எல்லாம் மூடிருச்சு, அதான் இப்பிடின்னு காலம் பூரா சொல்லுவாக. பொய் சொன்னது நான், நான் மொபெட்டுல ஏறிப் போயிருவேன். பக்கத்துல இருந்து கேக்கப் போறது நீதான்."

அது காபித் தம்ளரை எடுத்துக்கிட்டு நின்னுச்சு. பிறகு, "அப்ப வேற வழி இருக்கா அண்ணே?"ன்னுச்சு. கோவிச்சுக்கிட்டு உள்ள போயிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. அது நின்னு கேட்டுச்சு பாருங்க, அதுக்கு இன்னைக்கும் நான் மனசுக்குள்ள கும்பிடுறேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஒரு வீட்டுல ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தருக்கு வேலை செய்யாதீக. புருசனுக்குத் தெரியாம பொஞ்சாதிக்கு, அப்பனுக்குத் தெரியாம மகளுக்கு, நல்ல எண்ணத்துலன்னாலும் வேண்டாம். நடு வீட்டுல நின்னு சத்தமாச் சொல்ல முடிஞ்ச வேலையை மட்டும் செய்யுங்க.

சரி, அண்ணாச்சி வரவும் நான் சொன்னேன்: "ஒரு மாப்பிள்ளையையும் மூடல. ஆனா இதுக்குள்ள எது ரொம்பத் தின்னுதுன்னு மட்டும் பாக்கட்டா?"

"பாரு, பாரு."

பாத்தா, பிரவுசர்ல ஒட்டிக்கிட்டு ஒரு எக்ஸ்டென்ஷன். ஜாதகப் பொருத்தம் பாக்குற சாமான். எந்தப் பையன் பக்கத்தைத் தெறந்தாலும் அது உள்ள நுழைஞ்சு நட்சத்திரம் ராசின்னு கணக்குப் போட்டுக்கிட்டே கெடக்கு. அம்புட்டு டேப்லயும் அதே வேலை. பாதி மெமரியை அதுதான் தின்னுருக்கு.

"இது எங்க இருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"அது ஓசியில வந்துச்சுய்யா. ஒரு பட்டனை அமுக்கச் சொன்னுச்சு, அமுக்குனேன்."

"ஓசியில வந்து உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் தின்னுக்கிட்டு இருக்கு."

தாய்மாமன் தொடையைத் தட்டுனாரு. "அத்தான், வீட்டோட மாப்பிள்ளை ஏற்கெனவே கெடைச்சிட்டாருல்ல!"

அண்ணாச்சியே சிரிச்சிட்டாக. "தூக்கிரு"ன்னாக. தூக்குனேன். கம்ப்யூட்டர் மூச்சு விட்டுச்சு. கேமராவைப் போட்டுப் பாத்தேன். படம் வருது, ஆனா கோமதி கையை ஆட்டுனா படத்துல கை பின்னாடியே வருது. இதை வச்சு ஒரு மாப்பிள்ளை வீட்டோட பேச முடியாது. போன்ல பேசிரலாமேன்னு கேட்டேன். அண்ணாச்சி, "பொண்ணை உள்ளங்கையில வச்சா காட்டுறது? நாங்க இத்தனை பேரு எங்க உக்கார்றது?"ன்னாக.

"அப்ப இவுகளைத் தூங்க வைக்கணும் அண்ணாச்சி."

"யாரை?"

"மாப்பிள்ளைகளை. மூட மாட்டேன். மேல இருக்கிற மாதிரியே இருப்பாக. தூங்குவாக, தீனி கேக்க மாட்டாக."

அண்ணாச்சி கண்ணாடியை ஏத்திக்கிட்டு என்னையப் பாத்தாக. "திரும்ப எந்திரிப்பாகளா?"

"தொட்டா எந்திரிப்பாக. தொடாத வரைக்கும் தூங்குவாக."

ஒருத்தரைத் தூங்க வச்சு, தொட்டு எழுப்பிக் காட்டுனேன். அவரு எழும்பவும்தான் அண்ணாச்சிக்கு மனசு ஒப்புச்சு. மெமரி சேவர்னு ஒண்ணு இருக்குல்ல, அதான். உங்களுக்கு அது ஒரு பொத்தான். அந்த வீட்டுல அது பெரிய சமாதானம். படம் தெளிவா வந்துச்சு, கையும் கையோட வந்துச்சு.

அஞ்சு மணிக்கு கால் வந்துச்சு. பையன் மஸ்கட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர் பாக்குறான். அவுக அப்பா அம்மா சாத்தூர்ல இருந்து அதே திரையில தனிக் கட்டத்துல வந்தாக. நான் கெளம்புறேன்னேன், அண்ணாச்சி விடல, "நடுவுல படுத்துக்கிருச்சுன்னா யாரு பாக்குறது?"ன்னு சுவரு ஓரமா நிக்க வச்சிட்டாக. வழக்கம்போல ஊரு, உறவு, சாப்பிட்டீகளான்னு போச்சு. அப்பத்தான் அந்தப் பையன் கோமதிகிட்ட, "நீங்க வரைஞ்ச லேபிளு ஒண்ணு அம்மா காட்டுனாக. டப்பா மேல சிங்கம் சிரிக்குமே, அது நீங்கதானா?"ன்னான்.

கோமதி, "சிங்கம் நான் இல்ல, வரைஞ்சது நான்"னுச்சு.

அந்தப் பக்கம் பையன் சிரிச்சான். அன்னைக்குப் பூரா சிரிக்காத பிள்ளை இந்தப் பக்கம் சிரிச்சுச்சு. அண்ணாச்சிக்கு நிலை கொள்ளல. பையனைப் பெருசா பாக்கணும்னு மவுசைப் பிடிச்சு எங்கனயோ அமுக்கிட்டாக. தூங்கிக்கிட்டு இருந்த ஒரு மாப்பிள்ளை முழிச்சிட்டாரு. கோட்டு சூட்டோட திரை முழுக்க வந்து நிக்காரு. அடியில மஸ்கட் பையன் சத்தம் மட்டும் கேக்குது.

"மாத்திட்டீகளே!" அக்கா கத்துனாக.

"அத்தான், ஆளே மாறிட்டாரு," தாய்மாமன்.

"ஹலோ, மாமா? தெரியுதா?" மஸ்கட்டு.

கோமதி மூஞ்சியில இப்பத்தான் வந்த சிரிப்பு அப்படியே போயிருச்சு. அதை அண்ணாச்சி பாத்துட்டாக. நான் எட்டு வைக்கிறதுக்குள்ள அவுக கை பெருக்கல் குறிக்குப் போயிருச்சு. "நல்லா இரு தம்பி"ன்னு சொல்லி அமுக்கிட்டாக. அது மூடவும் பக்கத்துல தூங்குன மாப்பிள்ளை எந்திரிச்சு வந்துட்டாரு. "நீயும் நல்லா இரு தம்பி." அமுக்குனாக. இன்னொருத்தர். "நல்லா இருய்யா, நல்லா இரு." வேர்த்து ஊத்துது, ஒருத்தரை அனுப்புனா அடுத்தவரு வந்து நிக்காரு. அண்ணாச்சி பந்தி வாசல்ல நின்னு வழியனுப்புற மாதிரி அனுப்பிக்கிட்டே இருக்காக.

"அண்ணாச்சி, வலது ஓரம், கடைசி!"ன்னு நான் சத்தம் குடுக்கவும் அதைத் தொட்டாக. மஸ்கட் பையன் திரும்பி வந்தான்.

"மாமா, யாரை நல்லா இருக்கச் சொன்னீக?"ன்னான்.

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மண்டியில ஏலம் கூப்பிடுற மனுசருக்கு வாய் இல்லாமலா? அண்ணாச்சி துண்டுல மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "மத்த மாப்பிள்ளைகளைத்தான் தம்பி. எம்மகளுக்குப் பாத்து வச்சிருந்தேன். அனுப்பி வச்சேன்"னாக.

போச்சு, சம்பந்தம் முடிஞ்சதுன்னு நெனச்சேன். சாத்தூர்ல இருந்து பையனோட அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. "சம்மந்தி, இங்க மட்டும் என்ன? இவ போன்ல ஊருல உள்ள பொண்ணுக போட்டோவையெல்லாம் வச்சிருக்கா. அழிக்கச் சொன்னா, இருக்கட்டும் இருக்கட்டுங்கிறா." அந்தம்மா, "நீங்க சும்மா இருங்க"ன்னு அதட்டுறதும் கேட்டுச்சு. அவரு வாய் தவறி சம்மந்தின்னாரா, வேணும்னே சொன்னாரான்னு எனக்குத் தெரியல. அக்கா அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாக. மாரியாத்தா மாரியாத்தான்னு ஓதிக்கிட்டே இருந்தாக.

அதுக்குப் பிறகு நல்லபடியாத்தான் பேசுனாக. நாள் பாத்துச் சொல்றோம்னு அவுக லைனைக் கட் பண்ணுனாக.

அண்ணாச்சி என்னையப் பாக்காமலே, "மெக்கானிக்கு, மீதிப் பயலுகளை எப்பிடி வரிசையாக் கூப்பிடுறது?"ன்னாக. காட்டிக் குடுத்தேன். ஒவ்வொருத்தரையாத் தொட்டு எழுப்பி, பேரை வாசிச்சு, "நல்லா இரு தம்பி"ன்னு சொல்லிச் சொல்லி மூடுனாக. மொத்தமா மூட ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தெரியும். வாயத் தெறக்கல. சில வேலை மெதுவாத்தான் நடக்கணும், நடக்க விடணும். பாதியில அக்கா, "அந்தக் காரியாபட்டிப் பையனை மட்டும் விடுங்க, எங்க அண்ணன் மகளுக்குச் சொல்லலாம்"னு, அவன் பேரைத் தாய்மாமன் போன்ல ஏத்திக்கிட்டாக. பிறகு அவனுக்கும் ஒரு நல்லா இரு.

கம்ப்யூட்டர் வாங்குன அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடுச்சு. நான் பையைக் கட்டிக்கிட்டேன். ஒரே ஒரு டேப்புதான் மிச்சம், அந்த வீடியோ கால் பக்கம். கால் முடிஞ்சு திரை வெறுமையா நிக்கு.

வழக்கமா வேலை முடிஞ்சா எல்லாத்தையும் மூடிக் குடுக்கிறது பழக்கம். "இதையும் மூடிரட்டா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன்.

அண்ணாச்சி திரும்பி மகளைப் பாத்தாக. அக்காவும் பாத்தாக. நான் போன நேரத்துல இருந்து அந்த வீட்டுல ஆளாளுக்கு மாப்பிள்ளையைப் பத்திப் பேசுனாக, அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை யாரும் கேக்கல.

கோமதி தரையைப் பாக்கல. கம்ப்யூட்டரைப் பாத்துத்தான் சொல்லுச்சு.

"அது இருக்கட்டும்ணே."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எந்திரிச்சு, அதை மக பக்கம் தள்ளி, "நீ உக்காரும்மா"ன்னாக.